முகாமின் கடைசி இரவில் வாங்கிய கருத்துப்படிவம் எதற்குச் சான்று?

மேற்கு மாவட்டம் ஒன்றில் இயங்கும் சிறிய அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அமைப்பு ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அரசுப் பள்ளிகளில் 9 முதல் 11ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியரை இவர்கள் ஆண்டுக்கு இரு முறை ஐந்து நாள் மலை முகாமுக்கு அழைத்துச் செல்கிறார்கள். மலையேற்றம், பாறையேற்றம், கயிற்றில் இறங்குதல், கூடாரத்தில் தங்குதல் ஆகியவை நிகழ்ச்சிகள். சென்ற முகாமுக்கு 48 பேர் வந்தார்கள். கடைசி இரவு தீ மூட்டிச் சுற்றி அமர்ந்திருந்தபோது பயிற்றுநர்களே கருத்துப்படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 41 படிவங்கள் வந்தன. மொத்தத் திருப்தியின் சராசரி 5க்கு 4.7, பாதுகாப்புக்கு 4.9. மீதமுள்ள ஏழு பேரில் இருவர் மூன்றாம் நாளே வீடு திரும்பியவர்கள். ஐந்து பேர் எதுவும் எழுதித் தரவில்லை.

ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி வழங்கும் நிறுவனம், மாணவர்களின் தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும் வளர்ந்ததற்குச் சான்று கேட்டிருக்கிறது. 4.7 என்ற எண்ணையே சான்றாக அனுப்பிவிடலாம் என்கிறார்கள் அறங்காவலர்கள். அதற்கு முந்தைய முகாமில் தன்னம்பிக்கை பற்றி முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டபோது சராசரி 4.3இலிருந்து 4.0ஆகக் குறைந்துவிட்டதால், அந்த முடிவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். சிஎஸ்ஆர் சட்டப்படி தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் விளைந்த மாற்றத்தை அளக்கும் ஆய்வு, கட்டாயம், அது இல்லாவிட்டால் நிதி நின்றுவிடும் என்று ஓர் அறங்காவலர் எச்சரித்திருக்கிறார். மாணவர்கள் எழுதிய நல்ல வரிகளைப் புகைப்படங்களோடு அமைப்பின் முகநூல் பக்கத்தில் வெளியிடலாமா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது.

"மற்றபடி குறைகள் என்று பெரிதாக எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு, எடுத்துக்காட்டாக இரண்டு வரிகளை அவர் குறிப்பிடுகிறார். ஒரு மாணவி, "கயிற்றில் இறங்கும்போது பெல்ட்டை அக்கா யாராவது மாட்டிவிட்டால் நன்றாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறாள். ஒரு மாணவன், "ஏறமாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் ஏறினேன்" என்று எழுதியிருக்கிறான்.

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகளாக இல்லாத இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நிதி, சராசரி, அறிக்கை ஆகியவற்றுக்கு ஓரிரு வாரம் காத்திருக்க நேரம் உண்டு. அந்த மாணவியின் வரிக்கு அப்படிக் காத்திருக்க இயலாது.

முதலில் அந்த ஒரு வரி

அவள் எழுதியதைப் பணியாளர் பற்றிய ஆலோசனை என்ற தலைப்பில் வகைப்படுத்தியிருக்கிறீர்கள். அவள் 'பெல்ட்' என்று சொல்லும் ஹார்னஸ் இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் இறுக்கிக் கட்டப்படுவது என்பது உங்களுக்கே தெரியும். ஓர் ஆண் பயிற்றுநர் அதை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மாட்டி, வார்களை இழுத்து, இறுக்கம் சரிபார்க்கும்போது அவளுக்கு இயல்பான கூச்சம் மட்டும் இருந்திருக்கலாம். அவர் முற்றிலும் முறையாக நடந்திருக்கலாம். அதற்கு மேலும் ஏதாவது நடந்திருக்கலாம். அந்த வரியை வைத்துக்கொண்டு இவற்றில் எது என்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயிற்றுநர்கள் கையாலேயே வாங்கிய ஒரு தாளில், தீயைச் சுற்றி எல்லோரும் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெண் இவ்வளவாவது எழுதத் துணிந்திருக்கிறாள். 41 படிவங்களிலும் மிக முக்கியமான தகவல் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இதில் விசாரணை முடிவுக்காகக் காத்திராமல் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முகாமிலிருந்து மாணவர்கள் ஹார்னஸைத் தாங்களே மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்ளட்டும். பயிற்றுநர் முதலில் கண்ணால் சரிபார்க்கட்டும். கைவைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால், முன்கூட்டிச் சொல்லி, அனுமதி கேட்டு, இன்னொரு பெரியவர் முன்னிலையில் செய்யட்டும். மாணவிகளுக்குப் பெண் பயிற்றுநர் செய்யட்டும். பெண் பயிற்றுநர் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் வரை அந்த நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாம். கயிற்றில் இறங்காமல் ஒரு முகாம் நடந்தால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

அடுத்து, அவள் யார் என்று கையெழுத்தை ஒப்பிட்டுத் தேடாதீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? ஒரு முறை அந்த நம்பிக்கை உடைந்தால் அந்தப் பள்ளியிலிருந்து இனி ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள். அதற்குப் பதிலாக, முகாமோடு தொடர்பில்லாத, குழந்தைகளோடு பேசும் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகர் பள்ளிக்குச் சென்று, முகாமுக்கு வந்த எல்லா மாணவிகளையும் சிறு குழுக்களாகச் சந்திக்கட்டும். தனியாகப் பேச விரும்புவோருக்கு நேரமும் இடமும் ஒதுக்கட்டும். மாணவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்; சங்கடம் மாணவிகளுக்கு மட்டுமே நேரும் என்று கொள்வதற்கில்லை. யாராவது பேச வந்தால், "அவர் தப்பாகத் தொட்டாரா?" என்பதுபோல் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. "என்ன நடந்தது என்று சொல்ல விருப்பமா?" என்று கேட்டுவிட்டு, சொல்வதைச் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இது முடியும் வரை சம்பந்தப்பட்ட பணியில் இருந்த பயிற்றுநர்களைக் குழந்தைகளோடு நேரடித் தொடர்பில்லாத வேலையில் வையுங்கள். குற்றம்சாட்டும் தொனி இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக இதைச் செய்ய முடியும்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிராக அச்சட்டத்தில் சொல்லப்பட்ட குற்றம் நடந்திருப்பதாக அறிபவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்களிடம் இன்று இருப்பது பல பொருள் கொள்ளத்தக்க ஒரு வரி மட்டுமே. ஆனால் அந்த உரையாடல்களில் ஒரு குழந்தை தெளிவாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அறங்காவலர் கூட்டத்தில் வைத்து முடிவெடுக்கும் விருப்ப உரிமை உங்களுக்கு இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் இப்போதே தொடர்புகொண்டு, எப்படி நடப்பது என்று கேட்டுவைப்பது நல்லது. ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள். நான் உளவியல் படித்து, இளையோர் திட்டங்களை மதிப்பீடு செய்யும் பணியில் இருப்பவள், சட்ட ஆலோசகர் அல்ல.

இதிலிருந்து படிவத்துக்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. "நீங்கள் எழுதுவது யாருக்கும் தெரியாது" என்று குழந்தைகளிடம் முழு வாக்குறுதி தரக் கூடாது. "உங்கள் பெயர் கேட்கமாட்டோம், நீங்கள் எழுதியதை ஆசிரியரிடமோ பயிற்றுநரிடமோ காட்டமாட்டோம், ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று படிவத்தின் தலையிலேயே எழுதுங்கள். காப்பாற்றக்கூடிய வாக்குறுதி அந்த அளவுக்குத்தான் இருக்க முடியும்.

4.7 எதை அளக்கிறது?

கடைசி இரவின் மகிழ்ச்சியை அளக்கிறது. அது பொய்யான மகிழ்ச்சி என்று நான் சொல்லவரவில்லை. ஐந்து நாள் ஒன்றாக ஏறி, நனைந்து, சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த இரவில் எல்லாமே அருமையாகத் தோன்றுவது உண்மையான அனுபவம். வெளிப்புறச் சாகச முகாம்களை ஆய்வு செய்பவர்கள் இந்தக் குழு உற்சாகத்தைப் பல ஆண்டுகளாகவே எச்சரிக்கையோடு பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்டால் நன்றியும் பிரிவுத் துயரமும் சேர்ந்தே எண்ணாகின்றன. அதோடு நம் பிள்ளைகளின் வளர்ப்பும் சேர்கிறது. செலவில்லாமல் கூட்டிவந்து, சோறு போட்டு, பார்த்துக்கொண்ட அண்ணன்மார்கள் எதிரே நிற்கும்போது 3க்கு வட்டம் போடுவது மரியாதைக்குறைவு என்றுதான் ஓர் அரசுப் பள்ளி மாணவர் எண்ணுவார்.

"எழுதித் தராத ஐந்து பேருக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். எழுதாத ஐவரையும், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன இருவரையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஏழு பேரும் 5க்கு 2 தந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 48 பேரின் சராசரி 4.3 வருகிறது. அப்போதும் அந்த எண் பார்க்க நன்றாகவே இருக்கும். ஏழு பிள்ளைகள் மனமுடைந்து திரும்பியிருந்தாலும் சராசரி பெரிதாக அசைந்து கொடுக்காது என்பதால்தான், சராசரியை மட்டும் வைத்து முகாமை மதிப்பிடக் கூடாது என்கிறேன். வீடு திரும்பிய இருவரின் பெற்றோரிடமும் பேசியிருக்கிறீர்களா? காய்ச்சலா, பயமா, மாதவிடாய் நாளில் கழிப்பிடம் இல்லாத சிரமமா, கூடாரத்தில் யாரோ சாதிப் பெயர் சொன்னதா என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். இதில் எதையும் 1 முதல் 5 வரையிலான ஒரு கோடு வெளியே கொண்டுவராது.

பாதுகாப்புக்குக் கிடைத்த 4.9ஐ அறிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதை மட்டுமே பங்கேற்பாளரால் சொல்ல முடியும். விபத்துக்கு எவ்வளவு அருகில் சென்றோம் என்பது அவருக்குத் தெரியாது. கயிறு தேய்ந்திருந்ததா, நங்கூரமிட்ட மரம் உறுதியானதா, வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு, காய்ந்த புல்வெளியில் தீ பற்றினால் எந்த வழியாக இறங்குவது என்பவை பயிற்றுநரும் அமைப்பும் மட்டுமே அறியக்கூடியவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. பாதுகாப்பை மதிப்பிட உங்களுக்குத் தேவை வேறு வகைப் பதிவுகள்: நூலிழையில் தப்பிய நிகழ்வுகளை அன்றன்றே எழுதும் குறிப்பேடு, கருவிகளின் சோதனைப் பதிவு, வெளியிலிருந்து வரும் அனுபவசாலி ஒருவரின் நேரடிப் பார்வை. இவை முடிந்தபின் மாணவர்களிடம் கேட்கத்தக்க பாதுகாப்புக் கேள்வி ஒன்றே ஒன்று உண்டு: "வேண்டாம் என்று சொல்ல உன்னால் முடிந்ததா?"

உங்கள் இரண்டாவது எடுத்துக்காட்டில் அந்த மாணவன் கேட்காமலேயே பதில் சொல்லியிருக்கிறான். ஏறமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஏறிய பையன், உங்கள் பட்டியலில் பாறையேற்றத்தை வெற்றிகரமாக முடித்தவனாக இருக்கிறான். சாகசப் பயிற்சித் துறையில், எவ்வளவு தூரம் முயல்வது என்பதைப் பங்கேற்பாளரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கொள்கை பல காலமாக நிலைபெற்றிருக்கிறது. அது வெறும் கருணை சார்ந்த ஏற்பாடு அன்று. தானே முடிவெடுத்து ஏறியவனுக்குத்தான் ஏறியது தன்னுடையதாகிறது. மற்றவனுக்கு அது தப்பித்த கதையாக நின்றுவிடுகிறது. நிதி தருபவர் கேட்கும் தன்னம்பிக்கை இங்கேதான் உருவாகிறது, இங்கேதான் சிதையவும் செய்கிறது.

குறைந்துபோன எண்ணை மறைக்க வேண்டாம்

முன்பு 4.3, பின்பு 4.0 என்ற முடிவு உங்களை எவ்வளவு சோர்வடையச் செய்தது என்பது கடிதத்தில் தெரிகிறது. முகாம் பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் குறைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மலையையே பார்க்காத ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் "கடினமான சூழலை என்னால் சமாளிக்க முடியும்" என்ற வரியைக் கொடுத்தால், அவன் தயங்காமல் 5 போடுவான். ஐந்து நாள் கழித்து, உண்மையில் கடினமான சூழல் என்றால் என்ன என்று தெரிந்தபின், யோசித்து 4 போடுவான். அவனுடைய திறன் கூடியிருக்கலாம்; அளக்கும் கோல் அதைவிட அதிகமாக நீண்டுவிட்டது. 1979இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் பயிற்சித் திட்டங்களில் இந்தச் சிக்கலை விளக்கி, ஒரு மாற்று வழியையும் முன்வைத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு ஒரே அமர்வில், "முகாமுக்கு வருவதற்கு முன் நீ எப்படி இருந்தாய் என்று இப்போது நினைக்கிறாய்?", "இப்போது எப்படி இருக்கிறாய்?" என்று இரண்டையும் கேட்பது அந்த வழி. அப்போது இரண்டு பதில்களும் ஒரே அளவுகோலில் அமைகின்றன.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையே சொன்னவளாவேன். இப்படிக் கேட்கும்போது, மாற்றம் இருந்தாக வேண்டும் என்பதைக் கேள்வியே உணர்த்திவிடுகிறது; பிள்ளைகள் பழைய தங்களைச் சற்றுக் குறைத்துக் காட்டிவிடக்கூடும். எனவே முன்பே கேட்ட விடை, திரும்பிப் பார்த்துச் சொன்ன விடை, உரையாடலில் சொன்னது ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்த முரண்பாட்டையும் அறிக்கையில் எழுதுங்கள். உண்மையாகவே தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகள் சிலர் இருந்திருக்கவும் கூடும். கோல் நீண்டது என்ற விளக்கத்தை அவர்கள் மீது போர்த்திவிடக் கூடாது.

இங்கே உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டியும் அவரோடு இன்னும் மூவரும் 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், சாகசக் கல்வித் திட்டங்கள் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். திட்டம் முடிந்த தருணத்தில் சராசரி முன்னேற்றம், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்ட, புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்லும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.34. பின்தொடர்ந்து பார்த்தபோது மேலும் 0.17 கூடியிருந்தது. பெரும்பாலான கல்வித் திட்டங்களில் பலன் நாளடைவில் தேயும்; இங்கே அது வளர்ந்திருந்தது. ஆகவே கடைசி இரவு என்பது கேட்பதற்கு மிக எளிதான நேரமாக இருந்தும், பலனைப் பார்ப்பதற்குப் பொருத்தமற்ற நேரம். அதே ஆய்வில் நீண்ட நாள் திட்டங்களுக்கே பலன் பெரிதாக இருந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹான் தொடங்கிவைத்த அவுட்வர்ட் பவுண்ட் என்னும் வெளிப்புறச் சாகசப் பயிற்சியே ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. ஐந்து நாளில் தலைமைப் பண்பு வளர்ந்தது என்று எழுதித் தருவது, அளவை எதுவாக இருந்தாலும், துணிந்து சொல்லக்கூடிய ஒன்றாக எனக்குப் படவில்லை.

சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது?

அறங்காவலரின் எச்சரிக்கை பிழையானது. 2021இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளின்படி, தாக்க மதிப்பீடு செய்விக்கும் கடமை நிறுவனத்துக்கு உரியது. அதுவும், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். அவையும் 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் ஒதுக்கீடு கொண்ட, முடிந்து ஓராண்டேனும் ஆன திட்டங்களுக்கே, தம்மைச் சாராத ஓர் அமைப்பைக் கொண்டு அதைச் செய்விக்க வேண்டும். ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாயில் நடக்கும் உங்கள் முகாம் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. நிறுவனம் விரும்பிக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் நீங்கள் தரக் கடமைப்பட்டவர். ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து, அங்கே என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "அறிக்கை" என்று மட்டும் இருந்தால், என்ன அறிக்கை என்பதை அவர்களோடு பேசித் தீர்மானிக்கும் இடம் உங்களுக்கு இருக்கிறது.

4.7ஐத் தன்னம்பிக்கைக்குச் சான்று என்று அனுப்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த ஆண்டு அது 4.5 ஆனால் முகாம் தரம் தாழ்ந்துவிட்டது என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது அந்த எண்ணுக்கு இவ்வளவு பொருள் இல்லை என்று நீங்கள் விளக்கத் தொடங்கினால் யார் நம்புவார்கள்? உள்ளபடியே எழுதும் ஒரு பத்தி இப்படி இருக்கலாம்: "முகாமுக்கு வந்த 48 பேரில் 41 பேர் கடைசி நாளில் கருத்துத் தந்தார்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். இது மனநிறைவைக் காட்டுகிறதேயன்றிப் பண்பு மாற்றத்தைக் காட்டாது. கருத்துகளின் அடிப்படையில் பயிற்றுநர் நடைமுறைகளை மாற்றி வருகிறோம். மூன்று மாதம் கழித்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் மீண்டும் சந்தித்து, கண்டதைத் தெரிவிப்போம்." இதைப் படித்து நிதியை நிறுத்துபவர்கள் இருக்கலாம், அந்த ஆபத்து இல்லை என்று நான் உறுதி கூறமாட்டேன். என் பணியனுபவத்தில், இவ்வளவு தெளிவாக எழுதுபவர்களோடு பேச முன்வரும் நிதி அதிகாரிகளையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முகாமுக்கு எப்படிக் கேட்பது?

கேட்கும் ஆளை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், அதன் பிறகு கேள்வியை மாற்றுங்கள். இந்த வரிசையில் முதல் இரண்டைச் செய்தாலே பாதிப் பிழை அகன்றுவிடும். முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, பள்ளியில், பயிற்றுநர் எவரும் இல்லாத ஒரு வகுப்பறையில், வெளியிலிருந்து வரும் இருவர் கேட்கட்டும். படிவத்தை மடித்துப் பூட்டிய பெட்டியில் போடட்டும். எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டலாம். பதிலை அவர்களே குறிக்கட்டும். பிறகு ஆறேழு பேர் கொண்ட குழுக்களாக முக்கால் மணி நேரப் பேச்சு. மூன்று மாதம் கழித்து இதையே சுருக்கமாக மீண்டும் ஒரு முறை.

கேள்விகளைப் பொறுத்தவரை, உங்கள் படிவத்திலுள்ள "நான் சவால்களை நேர்மறையாக அணுகுகிறேன்" போன்ற வாக்கியங்களை நீக்கிவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். முகாமில் பயத்தால் எதையாவது செய்யாமல் விட்டாயா, அப்போது யார் என்ன சொன்னார்கள்? யாரோடு சாப்பிட உட்கார்ந்தாய், யாரோடு உட்காரவில்லை? இரவில் கழிப்பிடம் போக எழுந்தபோது என்ன செய்தாய்? வீட்டுக்கு வந்தபின் முன்பு செய்யாத எதையாவது செய்தாயா? யாருக்கு இந்த முகாம் ஒத்துவராது என்று நினைக்கிறாய்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் எனக்கு எப்போதும் பயன்பட்டிருக்கின்றன. தன் குறையை அப்படியே சொல்லத் தயங்கும் பிள்ளை, இன்னொரு பிள்ளைக்காக அதைச் சொல்லிவிடும். படிவத்தை அச்சடிக்கும் முன் நான்கைந்து மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கேள்வியை அங்கேயே திருத்திவிடலாம்.

இன்னொரு வசதி உங்களுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முகாம் நடத்துகிறீர்கள். இரண்டாம் முகாமுக்குத் தேர்வான பிள்ளைகள், முதல் முகாம் நடக்கும்போது இன்னும் போகாதவர்கள். முதல் குழுவிடம் மூன்று மாதம் கழித்துக் கேட்கும் அதே கேள்விகளில் பொருந்துவனவற்றை அவர்களிடமும் கேளுங்கள். இரு குழுவும் ஒரே முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், வேறுபாட்டில் முகாமின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆசிரியர்கள் துடிப்பான பிள்ளைகளை முதல் முகாமுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை இரண்டாவதற்கு ஒதுக்கினால் இந்த ஒப்பீடு பயனற்றதாகிவிடும். குலுக்கல் முறையில் பிரிப்பது எளிது, நியாயமும் கூட. எப்படியானாலும் 48 பேருக்குச் சதவீதம் போடாதீர்கள். "48இல் 31 பேர்" என்று எழுதினால், படிப்பவர் மீதி 17 பேரைப் பற்றியும் கேட்பார்.

கேட்பதற்கு முன் பெற்றோரின் அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரையானவர்களிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரையானவர்களிடம் எழுத்திலும் சம்மதம் பெற வேண்டும் என்கின்றன. உங்கள் பணி மருத்துவ ஆராய்ச்சி அன்று என்றாலும், பின்பற்றத்தக்க அளவுகோல் அது. பதில் சொல்ல மறுக்கும் பிள்ளைக்கு அடுத்த முகாமில் இடம் மறுக்கப்படாது என்பதையும் அதில் எழுதுங்கள்.

முகநூல் பற்றி

வேண்டாம் என்பதே என் பதில். மதிப்பீட்டுக்காக எழுதிய வரியை விளம்பரத்துக்கு எடுப்பது, எழுதியவருக்குத் தெரியாத ஒரு நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்துவது ஆகும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. முகாமுக்கு அனுப்பும்போது வாங்கிய பொதுக் கையெழுத்தை இதற்கான ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள். படம் வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், அதற்கெனத் தனியாக, எந்தப் படம், எங்கே, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டுப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். கருத்துப்படிவங்களிலிருந்து எடுத்த வரிகளை அந்தப் படங்களோடு சேர்க்க வேண்டாம். அந்த மாணவி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நிதி நிறுவனத்துக்கான அறிக்கையிலோ வேறெங்குமோ மேற்கோளாகத் தராதீர்கள். 48 பேர் கொண்ட குழுவில், அதைப் படிக்கும் பயிற்றுநர் அவள் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

பள்ளிக்கு மீண்டும் செல்லும் நாளில், ஹார்னஸ் நடைமுறையில் என்ன மாற்றினீர்கள் என்பதையும், ஏற விருப்பமில்லாதவர்கள் இனி என்ன சொல்லலாம், அப்போது பயிற்றுநர் என்ன செய்வார் என்பதையும் எல்லா மாணவர்களிடமும் நேரில் சொல்லுங்கள். யார் எழுதியதால் மாற்றினோம் என்பதைச் சொல்ல வேண்டாம். திருத்திய படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். ஆலோசகர் பள்ளிக்குச் சென்று வருவது அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே நடக்கட்டும்.